பெயர் வெட்டிய செம்பு

உலகத்துப் பெருநகரங்கள் பலவற்றிலே பழம்பொருள் விற்பதற்கென்றே தனிச் சந்தைகள் கூடுவதுண்டு. இலண்டன் மாநகரத்துப் போர்ட்டபெல்லோ வீதியிற் சனிக்கிழமைதோறும் கூடும் சந்தையும், பாரிஸ் நகரின் வடக்கெல்லையிலே சென்துவான் என்னுமிடத்திற் கூடும் சந்தையும் அவற்றுட் பெயர்பெற்றவை. காது உடைந்த பீங்கான் கோப்பை, ஓடாத மணிக்கூடு, படைவீரன் ஒருவனுடைய சட்டைப் பொத்தான், யாரோ யாருக்கோ எழுதிய தபாலட்டை, குழந்தை விளையாடிய மரப்பொம்மை ஆகிய பொருள்களை அங்கே மேசைமேற் பரப்பி வைத்திருப்பர். அவற்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலை பேசி, பணங் கொடுத்து வாங்கிச் செல்வாரும் பலர்.

அவ்வணிகத்திற் கைதேர்ந்தவர்கள் ஒரு பொருளை வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்பர். இஃது எங்கிருந்து வந்தது? யாரிடம் இருந்தது? எதற்குப் பயன்பட்டது? இம்மூன்றுக்கும் நம்பத்தக்க விடை கிடைக்குமாயின் விலை ஏறும். விடை கிடையாதாயின், எத்துணை அழகிய பொருளாயினும் அதன் மதிப்புக் குறையும். போலியோ என்னும் ஐயமும் எழும். ஆகவே அச்சந்தையில் விற்கப்படுவது பொருள் மட்டுமன்று, அப்பொருளைப் பற்றிய செய்தியுமாகும்.

யாழ்ப்பாணத்திலோ பழைய பொருள் பெரும்பாலும் சந்தைக்குச் செல்வதில்லை. வீட்டுப் படலையிலேயே விலையாகிவிடுகின்றது. பழைய பித்தளை, செம்பு, இரும்பு வாங்குபவர் வருகிறார். பரணிற் கிடந்தவற்றை இறக்கிக் கொடுக்கிறோம். அவர் தராசில் வைத்து நிறுக்கிறார். தராசுக்குத் தெரிந்தது நிறை ஒன்றே. அப்பாத்திரம் யாருடைய சீதனமாக வந்தது, எந்த ஊர்க் கன்னார் வார்த்தது, எந்தக் கொண்டாட்டத்தில் எதை வைத்துப் பரிமாறியது என்பவற்றை அஃது அறியாது. விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இதனால் நமக்கு நேரும் இழப்பைப் பற்றியே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

வீட்டிலுள்ள அருங்காட்சி

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடொன்றிற் புகுந்தால், கண்ணிற் படும் பொருள் ஒவ்வொன்றும் ஒரு தொழிலையோ வழக்கத்தையோ எடுத்துக் கூறுவதாய் இருக்கும். நெல்லும் பித்தளையும் பட்டும் வைத்த பெட்டகம், வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், படிக்கம், நெல் அளந்த கொத்து, பனையோலையால் இழைத்த கடகமும் பெட்டியும், துலாவிற் கட்டி நீரிறைத்த பட்டை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றுட் சிலவற்றின் அமைப்பிலே நம்முன்னோரின் நுண்ணறிவு விளங்குகின்றது.

தூண்டாமணி விளக்குகளுட் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். திரியெரியும் அகலுக்கு மேலே எண்ணெய்க் குடமொன்று அமைந்திருக்கும். குடத்தின் வாய் அகலிலுள்ள எண்ணெயினால் மூடப்பட்டிருக்கும்வரை காற்று உட்புகாது. ஆகவே எண்ணெயும் இறங்காது. திரி எரிந்து எண்ணெய்மட்டம் தாழ்ந்தவுடன் வாய் திறக்கும், காற்றுப் புகும், வேண்டிய அளவு எண்ணெய் தானே இறங்கும். மட்டம் உயர்ந்ததும் இறக்கம் நின்றுவிடும். கேகாலை மாவட்டத்துத் தெடிகமையிற் கண்டெடுக்கப்பட்ட யானை விளக்கும் இதே நியாயத்தைக் கொண்டதே. யானையின் உடலிற் சேமித்த எண்ணெய், அகலில் மட்டம் குறையுந்தோறும் வந்து நிரம்பும். அவ்விளக்கு 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்பர். பள்ளிக்கூடத்திற் காற்றமுக்கம் படிக்கும் மாணவன், அப்பாடத்தைப் பாட்டியின் விளக்கிலேயே கண்ணாரக் காணலாம். ஆயினும் அவ்விளக்கைப் பித்தளை நிறைக்கு விற்றவர் எத்தனை பேர்!

மூக்குப்பேணியை நோக்குவோம். பக்கத்திலே சிறு மூக்கு வைத்த இப்பித்தளைப் பேணி, வாயிற் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு ஏற்றது. ஒருவர் பருகியதை மற்றவரும் அருவருப்பின்றிப் பருகலாம். சுகாதார விதிக்கு இசைந்த இந்த ஏற்பாட்டை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அப்பேணியின் செய்தி அத்துடன் முடியவில்லை. விருந்தினருக்கு மூக்குப்பேணியில் நீர் கொடுத்த முற்றத்திலேயே, தாழ்ந்தவரென்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் பனையோலைப் பிளாவிலும் வார்த்த வழக்கமும் இருந்தது. பொது இடங்களில் இத்தகைய பாகுபாடு காட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றத்தில் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராட்டங்கள் நிகழ்ந்தன. மூக்குப்பேணி பெட்டகத்திற் பத்திரமாக இருக்கிறது; சிரட்டையை எவரும் சேமித்து வைக்கவில்லை. ஒரு பொருளை மாத்திரம் வைத்துக்கொண்டு அதனோடு சேர்ந்த செய்தியை விட்டுவிட்டால், பாதி உண்மையே நமது பிள்ளைகளுக்குக் கிடைக்கும். பெருமைக்குரியதையும் நாணத்தக்கதையும் ஒருங்கே சொல்லும்போதுதான் பழம்பொருள் ஓர் ஆசிரியனாகின்றது.

விற்கப்படாத பழம்பொருள்கள்

வீட்டுத் தளபாடங்கள் பல போய்விட்ட போதிலும், அவற்றின் பெயர்கள் நம் நாவில் நிலைத்து நிற்கின்றன. தமிழ்நாட்டார் நாற்காலி என்பதை நாம் கதிரை என்கிறோம். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகிய சொற்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. நிலத்தைக் கிண்டும் அலவாங்கும் அவர்கள் தந்த சொல்லே. மேசையின் லாச்சியும், முதியவர்கள் அலுவலகத்துக்குச் சொன்ன கந்தோரும் ஒல்லாந்த மொழிச் சொற்களாம். யாழ்ப்பாண இராச்சியத்தை 1619 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். இவ்வாட்சி மாற்றங்களை வரலாற்று நூலிற் படிப்பதன்முன்னரே, ‘கதிரையை இழுத்து மேசையடியிற் போடு’ என்று தாய் சொல்லும்போது குழந்தை அவற்றைக் கேட்டுவிடுகின்றது.

இச்சொற்கள் நமக்குப் பயன் தருவதற்குக் காரணம், அவை வந்த வழி நமக்குத் தெரிந்திருப்பதேயாம். வழி தெரியாதவருக்கு அவை வெறும் ஒலிகள். பொருள்களின் நிலையும் இதுவே.

காசும் கடிதமும்

பழைய காசு சேர்ப்பதிற் பல மாணவர்களுக்கு விருப்பமுண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக் காசுகளிலே ஒருபுறம் நிற்கும் மனித வடிவமும், மறுபுறம் படுத்திருக்கும் இடபமும், அதன்கீழே ‘சேது’ என்னும் தமிழெழுத்துக்களும் காணப்படும். நந்தியை இலச்சினையாகக் கொண்ட அரசு ஒன்று இம்மண்ணில் இருந்ததென்பதற்கு, உள்ளங்கையில் அடங்கும் சான்று அது. அடுத்து வருவன ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புக் காசுகள். மூன்று எழுத்துக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய கம்பனி முத்திரை அவற்றிற் பொறித்திருக்கும். நாம் இன்றும் பணத்தைத் துட்டென்று சொல்வது அக்காசின் ஒல்லாந்தப் பெயரால் என்பது அறிஞர் கொள்கை. ஆங்கிலேயர் காலத்திலே, 1872 ஆம் ஆண்டில், நூறு சதம் கொண்ட ரூபாய்க் கணக்கு இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

இவ்விடத்தில் தாய்மார்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பித்தளையைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது நல்ல வழக்கமே. ஆனால் பழங் காசுக்கும் பழஞ் செப்புப் பொருளுக்கும் அந்த உபசாரம் ஆகாது. பல நூற்றாண்டுகளாக உலோகத்தின்மேற் படிந்த பச்சையும் கருமையும் அழுக்கல்ல. பெரும்பாலும் அவை உள்ளிருக்கும் எழுத்தைக் காக்கும் போர்வை. புளியிட்டுத் தேய்த்தால் காசு பளிச்சிடும். எழுத்தோ தேய்ந்து போகும். சேர்ப்போர் அத்தகைய காசை விரும்பிக் கொள்ளார். மென்மையான துணியால் தூசியை மட்டும் ஒற்றியெடுத்து, உலர்ந்த கடிதவுறையில் இட்டு, எங்கே கிடைத்ததென்று உறையின்மேல் எழுதி வைப்பதே போதும்.

தபால் முத்திரை சேர்க்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவோம். இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1859 இல் வந்த மங்கிய ரோசா நிற நான்கு பென்ஸ் முத்திரை உலகச் சேர்ப்போர் தேடியலையும் அருமுத்திரைகளுள் ஒன்று. நமது வீடுகளில் அது கிடைப்பது அரிது. ஆனால் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவிற்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்தனர். அவர்கள் கோலாலம்பூரிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் எழுதிய கடிதங்கள் எத்தனையோ றங்குப்பெட்டிகளின் அடியிற் கிடந்திருக்கும். 1942 முதல் 1945 வரை மலாயாவை ஆண்ட யப்பானியர் அச்சிட்ட, வாழைமரப் படம் போட்ட பத்து டொலர் நோட்டும் சில வீடுகளில் அகப்படலாம். போர் முடிந்ததும் மதிப்பிழந்துபோன அந்நோட்டு, ஒரு குடும்பத்தின் சேமிப்பு ஒரே நாளிற் கடதாசியானதற்குச் சாட்சி.

இத்தகைய கடிதம் கிடைத்தால் முத்திரையை மாத்திரம் வெட்டியெடுத்தல் கூடாது. உறையின்மேற் குத்திய தபால் முத்திரையடையாளம் ஊரையும் நாளையும் கூறும். மேல்விலாசம் ஆளைக் கூறும். உள்ளே இருக்கும் கடிதம் வாழ்க்கையைக் கூறும். வெட்டியெடுத்த முத்திரை இவற்றுள் ஒன்றையும் கூறாது.

இடம் அறிந்த பொருளும் இடம் இழந்த பொருளும்

மேற்கூறிய உண்மை வீட்டுப் பொருளுக்கு மட்டுமன்றி நாட்டின் பெருஞ் செல்வங்களுக்கும் பொருந்தும். அதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறுவோம்.

இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையிலே இலங்கையிலிருந்து சென்ற தாராதேவியின் திருவுருவம் ஒன்றிருக்கின்றது. வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசிய அவ்வுருவத்தின் அழகை நேரிற் கண்டோர் வியந்து பேசுவர். தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் பிரௌன்றிக் 1830 ஆம் ஆண்டில் அதனை நூதனசாலைக்கு வழங்கினார். அது கிடைத்த இடம் எதுவென்றாலோ, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே என்ற அளவே சொல்லப்படுகின்றது. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கரையோரம் நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. எந்த ஊர், எந்த ஆலயம், அருகில் வேறென்ன இருந்தது என்று அன்றைக்கு ஒருவர் இரண்டு வரி எழுதி வைத்திருந்தால், கிழக்கிலங்கையின் சமய வரலாற்றில் ஓர் அதிகாரமே துலங்கியிருக்கும். அந்த இரண்டு வரியை இன்று எந்தப் பொருட்செலவாலும் பெறவியலாது.

மற்றையது நம் பக்கத்து ஊராகிய ஆனைக்கோட்டையைச் சேர்ந்தது. 1980 ஆம் ஆண்டிலே பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்வாய்வு நடத்தினர். பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமப் புதைகுழியொன்றில் மனித எலும்புக்கூட்டோடு சிறு முத்திரையொன்று வெளிப்பட்டது. அதன் மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துக்களும் இருந்தன. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்ததாகக் கணிக்கப்பட்ட அச்சிறு பொருள், யாழ்ப்பாணத்தின் தொன்மையை ஆராய்வோர் எவரும் தவிர்க்கவியலாத சான்றாயிற்று. எழுத்தின் பொருள் குறித்து அறிஞர் விவாதிப்பர். ஆனால் அது கிடைத்த இடத்தைக் குறித்து விவாதமில்லை. அதே முத்திரை ஒரு கடைத்தட்டிலே விலைச்சீட்டோடு கிடந்திருந்தால், அறியாதார் அதனை ஒரு பழைய மோதிரத்துண்டாகவே மதித்திருப்பர்.

தாராதேவியின் உருவம் முழுமையானது, அழகியது. ஆனைக்கோட்டை முத்திரை விரல்நுனி அளவினது. ஆயினும் ஊரறிந்த சிறுபொருள் தரும் செய்தியை, ஊரறியாப் பெரும்பொருள் தரமுடியவில்லை என்பதை நோக்குக.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடியின் வழிவந்த ஒருவர் இதனை நன்குணர்ந்திருந்தார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராக 1877 ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியே அவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த காலத்திலே கிராமந்தோறும் சென்ற அவர், கைவினைஞர் செய்த பொருளைக் கண்டு மகிழ்ந்ததோடு நில்லாது, செய்யும் முறையையும் கருவிகளையும் வழங்கும் பெயர்களையும் எழுதிக்கொண்டார். அதன் பயனாக இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908 இல் வெளிவந்தது. பின்னர் இந்தியக் கலைச்செல்வங்களை அரிதின் முயன்று சேர்த்து, அவற்றைக் கொண்டு இந்தியாவிலே ஒரு தேசிய நூதனசாலை அமைக்கவேண்டுமென விரும்பினார். ஆதரிப்பார் இல்லை. 1917 இல் அச்சேகரம் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து நுண்கலை நூதனசாலையைச் சென்றடைந்தது. அவரும் அதன் பாதுகாவலராக அங்கேயே சென்று, 1947 இற் காலமாகும்வரை அந்நாட்டிலேயே வாழ்ந்தார். வைத்திருந்தவர்கள் மதியாத பொருளை மதித்தவர்கள் கொண்டு சென்றனர். அதிற் குறைகூற இடமில்லை, வருந்த இடமுண்டு.

காரைக்குடித் தெருவிலே

தமிழர் வீட்டுப் பழம்பொருள்கள் கடைவீதிக்கு வந்தால் எப்படியிருக்கும் என்பதை அறிய விரும்புவோர், கடல் கடந்து காரைக்குடிக்குச் செல்லலாம். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவிலே பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ளன. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பொருளால் எழுப்பிய மாளிகைகள் செட்டிநாடெங்கும் நிற்கின்றன. அவற்றுட் பல பங்கு பிரிந்தும் ஆளின்றியும் போக, உள்ளிருந்தவை இத்தெருவுக்கு வந்தன. பர்மாத் தேக்கிற் கடைந்த தூண், செதுக்கு வேலைக் கதவுநிலை, சுவீடன் நாட்டு எனாமல் அடுக்குப்பாத்திரம், இரவிவர்மாவின் அச்சுப்படம், ஊறுகாய்ச் சாடி, குழந்தையின் மரத்தொட்டில் எல்லாம் அங்கே விலைக்குண்டு. உலகின் பல பாகங்களிலிருந்தும் வாங்குவோர் வருகின்றனர்.

அங்குள்ள பித்தளைப் பாத்திரங்களை எடுத்துப் பார்த்தால், பலவற்றின் கழுத்திலோ விளிம்பிலோ உளியாற் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துக்கள் தென்படும். அவை உடையவரின் பெயரெழுத்துக்கள். சீர்வரிசையாகக் கொடுத்தபோது, தம் மகளின் பொருள் பிறர் பொருளோடு கலந்துவிடலாகாதென்று தந்தை வெட்டுவித்த பெயர். இன்று அவ்வெழுத்துக்கள் யாரைக் குறிக்கின்றனவென்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. பொருள் பத்திரமாக இருக்கிறது. பெயரும் பத்திரமாக இருக்கிறது. பெயருக்குரியவர் மட்டும் மறைந்துபோனார்.

பெயர் வெட்டும் வழக்கம் நமக்கும் உண்டு. கன்னாரின் பெயரைத் தன்னுட் கொண்ட கன்னாதிட்டி யாழ்ப்பாண நகரில் இன்றும் இருக்கின்றது. கொண்டாட்டங்களுக்குச் சுற்றத்தாரிடம் அண்டாவும் தாம்பாளமும் இரவல் வாங்கிய நாளிலே, திருப்பிக் கொடுக்கும்போது மாறிவிடாதிருக்கப் பெயரெழுத்து உதவியது. ஆதலாற் காரைக்குடித் தெருவிற் கண்டது நாளை நமக்கும் நேரக்கூடியதே.

நம் மண்ணில் நேர்ந்தது

உண்மையை நோக்கின், நாளை என்பதற்கு இடமில்லை. அதிற் பெரும்பகுதி நேற்றே நேர்ந்துவிட்டது. 1981 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆந் திகதி இரவு தொடங்கிய அனர்த்தத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு மறுபடி பெறவியலாத ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. கட்டடம் மீண்டும் எழுந்தது. நூல்கள் மீண்டும் சேர்ந்தன. ஒரேயொரு படியாக இருந்த சுவடி மீளவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் ஓரிரவிலே வீடுவாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். குழந்தையையும் முதியோரையும் தாங்கிய கைகள் பெட்டகத்தைத் தாங்குவதெங்ஙனம்? திரும்பி வந்தோரிற் பலர் வெறுஞ் சுவரையே கண்டனர். சுவரையும் காணாதார் பலர்.

அத்தனையும் கடந்து எஞ்சியவையே இன்று நம்மிடம் உள்ளவை. அவற்றின் செய்தியை அறிந்த முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். பூட்டிய வீட்டைத் திறந்து துப்புரவு செய்ய வருபவருக்கு, மூலையிற் கிடக்கும் ஓலைக்கட்டு விறகாகவே தோன்றும்.

ஓலைக்கட்டை அலட்சியமாக எண்ணற்க. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) கலித்தொகையை 1887 இலும் சூளாமணியை 1889 இலும் அச்சேற்றி உதவியது, இத்தகைய செல்லரித்த ஓலைகளைத் தேடியெடுத்தே. அவர் தேடிச்சென்ற வீடுகளில் எவரேனும் முந்திய நாள் அவற்றை அடுப்பில் இட்டிருந்தால் நட்டம் யாருக்கு? உங்கள் வீட்டு ஏடு இலக்கியமாக இராமல் வைத்திய வாகடமாகவோ, சாதகமாகவோ, காணிக் கணக்காகவோ இருக்கலாம். காணிக் கணக்கிலே பழைய ஊர்ப்பெயரும் வாய்க்காற்பெயரும் நில அளவையும் இருக்கும். அவையும் வரலாறே.

சட்டம் சொல்வது

பழம்பொருளைக் கொள்வோரும் கொடுப்போரும் சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2 ஆந் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என வகுத்தது. அனுமதிப் பத்திரமின்றி அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்லலாகாது. நிலத்துக்குள் மறைந்திருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுடைமையாகும். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் கிண்டும்போதோ அத்தகையது தென்பட்டால் உரியவர்களுக்கு அறிவித்தல் வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டமும், பண்பாட்டுச் சிறப்புடைய பொருள்களின் ஏற்றுமதியையும் அவற்றை வைத்து நடத்தும் வியாபாரத்தையும் அனுமதிப் பத்திரத்துக்கு உட்படுத்தியது. விடுமுறைக்கு வந்து திரும்பும் உறவினர், நினைவுக்கென்று பழைய சிலையையோ ஏட்டையோ பயணப் பெட்டியில் வைக்குமுன் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

வைத்திருக்க வசதியில்லாதார்க்கும் வழியுண்டு. யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலே தொல்பொருள் நூதனசாலை இருக்கின்றது. 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகம் நூல்களையும் ஏடுகளையும் படமெடுத்து உலகெங்குமுள்ளோர் படிக்க வைக்கின்றது. ஏடு உங்கள் வீட்டிலேயே இருக்க, அதன் படி உலகெங்கும் சென்றுவிடும். பிறகு கறையான் வந்தாலும் எழுத்து அழியாது.

நாம் செய்யத்தக்கது

எல்லாப் பழம்பொருளையும் எல்லாரும் காத்து வைத்தல் இயலாது என்பதை நாமும் அறிவோம். இன்றைய சிறுவீட்டில் பெட்டகத்துக்கு இடமில்லை. மகளின் கல்விச் செலவுக்குப் பழம் பித்தளையை விற்க நேரும் குடும்பத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. விற்பது குற்றமன்று, அறியாமல் விற்பதே இழப்பு. பொருள் கையைவிட்டுப் போகுமுன் அதன் செய்தியை எடுத்துக்கொள்வதற்கு இடமும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு கொப்பியும், ஒரு பிற்பகலும் போதும்.

இப்பணிக்கு மாணவர்களே தகுந்தவர்கள். வீட்டிலுள்ள முதியவரை அருகில் இருத்தி, பழைய பொருள் ஒவ்வொன்றையும் முன்னே வைத்து, அதன் பெயரை அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுக. யார் செய்தது, யார் கொடுத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது, எந்த ஆண்டு முதல் பயன்படாமற் போயிற்று, ஏன் போயிற்று என்று கேட்டெழுதுக. யாருக்கு அதைத் தொட அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் கேட்கத் தயங்கற்க. நீள அகலத்தை அளந்து குறித்துக்கொள்க. கைத்தொலைபேசியாற் படமெடுத்து, பெயர் வெட்டியிருப்பின் அவ்விடத்தைத் தனியாகவும் எடுத்து வைத்துக்கொள்க. கேட்ட நாளையும் சொன்னவரின் பெயரையும் கீழே எழுதுக. ஒரு பிரதியை வெளிநாட்டிலுள்ள சிற்றப்பாவுக்கோ மாமிக்கோ அனுப்பினால், அவர்கள் மறந்திருந்த வேறு செய்திகளும் திரும்பி வரும்.

சிலர், ‘எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, ஒரு பழஞ் செம்புதானே’ என்பர். அந்தச் செம்பை இறக்கி, ஈரத்துணியாற் கழுத்தைத் துடைத்து, வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். ‘வ. சி.’ என்றோ ‘க. பொ.’ என்றோ எழுத்துப் புள்ளிகள் தெரியுமாயின், அவை யாருடைய எழுத்துக்களென்று அம்மம்மாவிடம் இன்றே கேட்டுக் கொப்பியில் எழுதிவிடுங்கள். படலைக்கு வருபவர் நாளைக்கும் வருவார். செம்பைக் கொடுப்பதா வைப்பதா என்பதை அப்போது தீர்மானித்துக்கொள்ளலாம்.